மன்னார்ப் பாதையும் கொலராவின் நஞ்சும்

மன்னாரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் முத்தையே எழுதினர். மாந்தைத் துறையின் பழம்பெருமை, அரிப்பில் ஆள்பதி நோர்த் எழுப்பிய மாளிகை, மறிச்சுக்கட்டியின் முத்துச்சலாபம் என விரியும் அவ்வரலாற்றில், அதே கரையில் இறங்கித் தெற்கு நோக்கி நடந்த கூலியாட்களுக்குக் கிடைத்த இடம் சிறிது. ஆங்கிலேயர் ஆவணங்களிலோ அவர்கள் கொலராவைக் கொணர்ந்தோராகவே மீண்டும் மீண்டும் காட்சி தருகின்றனர். இக்கூற்றை இன்றைய உடலியல் அறிவின் துணைகொண்டு நோக்க விழைகின்றேன். கலைப்பீட மாணவன் விஞ்ஞானத்துள் நுழைவது அத்துமீறல் எனச் சிலர் கருதலாம். ஆயினும் சாவின் காரணத்தை அறியாது சாவின் வரலாற்றை எழுதுவது எங்ஙனம்?

1830களின் பிற்பகுதி தொடக்கம் மலைநாட்டிற் கோப்பிச் செய்கை பெருகவே, இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் வறிய மக்கள் கங்காணிமாரின் பின்னே தோணியேறினர். தலைமன்னாரிலும் அடுத்துள்ள கரைகளிலும் இறங்கியோர் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை நூறு மைலுக்கு மேல் நடந்தனர். வழியெங்கும் வறண்ட காடு. குடிநீரோ மாடும் மனிதரும் ஒருங்கே இறங்கிய குளத்து நீர். 1841 முதல் 1849 வரை 70,000 பேர் மடிந்தனர் எனக் கொழும்பு 'ஒப்சேவர்' பத்திரிகை 1849இல் மதிப்பிட்டது. இது மிகையென வாதிடும் ஆய்வாளர் உளர். பாதியெனக் கொள்ளினும் பேரழிவே. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எண்ணிப் பதிந்த அரசு, இம்மனிதரை அவ்வாறு எண்ணவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

நோய்க்குக் கெட்ட காற்றைக் காரணமாக்கியோரும், கூலிகளின் அழுக்கைக் காரணமாக்கியோரும் அக்காலத்து இருந்தனர். இலண்டனில் ஜோன் சினோ 1854இலேயே குடிநீரைச் சுட்டிக்காட்டியிருந்தார். கிருமியை 1884இல் கல்கத்தாவில் வைத்து உறுதிசெய்த றொபேட் கொக், அது ஒரு நஞ்சினாலேயே கொல்கின்றது என ஊகித்தார். அந்நஞ்சை மெய்ப்பித்தவர் ஒரு வங்காளி. கல்கத்தாவின் சம்புநாத் டே, கிருமி வளர்த்த திரவத்திலிருந்து கிருமியை முற்றாக வடித்து நீக்கி, எஞ்சிய நீரை மாத்திரம் முயலின் குடலிற் செலுத்தியபோதும் குடல் நீரால் வீங்கக் கண்டு 1959இல் வெளியிட்டார். எம்மவர் இவரை அறியாதிருப்பது வியப்பே. அந்நஞ்சு ஆறு கூறுகளாலான புரதம். ஐந்து கூறுகள் வளையமாய் நின்று குடற்சுவரின் கலத்தைப் பற்ற, ஆறாவது உட்புகுந்து கலத்தின் ஒழுங்கைக் குலைக்கும். உப்பும் நீரும் குடலுட் பாய்ந்து, நாளொன்றில் 10 லீற்றருக்கு மேல் வெளியேறுதலும் உண்டு.

இந்நஞ்சை உடல் அறிந்துகொள்வது எவ்வாறு? தைமசுச் சுரப்பியில் முதிரும் ரீ கலங்கள் நஞ்சை முழுவுருவிற் காண்பதில்லை. காவற் கலங்கள் அதனை விழுங்கிச் சிறு துண்டுகளாக வெட்டி, தமது மேற்பரப்பிலுள்ள உடலின் சொந்த அடையாளப் புரதத்தில் ஏந்திக் காட்டும். அந்நியத் துண்டையும் சொந்த அடையாளத்தையும் சேர்த்தே ரீ கலம் அறிகின்றது என்ற உண்மை, வைரசுகளை ஆராய்ந்த சிங்கர்நாகல், டொகேர்ட்டி ஆகியோரால் 1974இல் வெளிப்பட்டது. பொருந்தும் ஏற்பியுடைய மிகச் சில ரீ கலங்கள் பெருகி, பீ கலங்களைத் தூண்டும். அவை ஆக்கும் பிறபொருளெதிரிகள் நஞ்சு குடற்சுவரைப் பற்றாது தடுக்கும். ஒருமுறை அறிந்ததன் நினைவும் எஞ்சும். இக்காப்பை மிகைப்படுத்தலாகாது. வங்காளதேசத்து மத்லபில் 1985இல் தொடங்கிய சோதனையில், நஞ்சின் பற்றுங்கூறு சேர்ந்த வாய்வழித் தடுப்பு மருந்து முதல் மாதங்களிற் கூடிய காப்பளித்தது. பின்னர் அம்மேம்பாடு மறைந்தது. கிருமியின் மேலுறைக்கு எதிரான பிறபொருளெதிரிகளே காப்பிற் பெரும்பங்கு வகிக்கின்றன.

இனி மன்னார்ப் பாதைக்கு மீள்வோம். ரீ கலங்கள் ஒரு நஞ்சை முதன்முறை அறிந்து படைதிரட்ட ஒரு வாரமேனும் செல்லும். கொலராவோ ஒரே நாளிற் கொல்லவல்லது. ஆகவே முதற்றடவை நோயுற்ற வழிநடையாளனைக் காத்திருக்கக்கூடியது நல்ல நீரும் உப்புமே. பருவந்தோறும் வந்து திரும்பியோருக்கு முன்னைய நோயின் நினைவு உதவியிருக்கலாம். அதனையும் பசி அரித்தது. நெடுநாட் பட்டினியில் தைமசு சுருங்கும், ரீ கலங்கள் குறையும், கிருமியைக் கொல்லும் இரைப்பை அமிலமும் குறையும். 1876–78இன் சென்னை மாகாணப் பஞ்சத்தில் இக்கரைக்கு வந்தோர் அத்தகைய உடலுடனேயே தோணியேறினர். கிருமி அவர்களுடன் பயணஞ் செய்தது மெய்யே. அதற்கு முதலில் இரையாகுமாறு அவர்களை ஆக்கியவை பஞ்சமும் கிணறற்ற பாதையும் ஆகும். மலிந்த உழைப்பை வேண்டிய தோட்டத்துரைமார் இவ்விரண்டையும் நோயின் காரணங்களாகக் கண்டாரில்லை.

1890களின் இறுதியில் தொற்றச்சத்தால் இப்பாதை கூலியாட்களுக்கு மூடப்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின் அவர்கள் மன்னார் வழியே புகைவண்டியிற் சென்றனர். அதன்முன் மண்டபம் முகாமிற் சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டனர். மன்னார் உதவி அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளில் வரும் கொலராச் செய்திகளை, அவ்வவ்வாண்டின் மழையுடனும் தமிழகத்து அரிசி விலையுடனும் ஒப்புநோக்கி எவரேனும் ஆராயின், பசிக்கும் இந்நோய்க்குமிடையே இருந்த தொடர்பு இன்னுந் தெளிவுறும்.