மதனகாமப்பூ: பொதிகைச் சரிவின் தொல்தாவரமும் அதன் மருத்துவ வரலாறும்

நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்ற பெயரில் விற்கப்படும் பழுப்பு நிறச் செதில்கள், சைக்காஸ் சர்சினாலிஸ் என்னும் தாவரத்தின் ஆண் கூம்பிலிருந்து பிரித்தெடுக்கப்படுபவை. பார்வைக்குக் குட்டைப் பனை போல நிற்கும் இத்தாவரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. மகாராட்டிரத்தின் தென்பகுதியிலிருந்து பொதிகை வரை, மழை ஒரு பருவத்தில் பெய்து மறு பருவத்தில் காயும் சரிவுகளில் வளர்கிறது. தாமிரபரணியின் நீர்ப்பிடிப்புப் பகுதியான களக்காடு, முண்டந்துறைக் காடுகள் இதன் தென்கோடி வாழிடங்களுள் அடங்கும்.

கனிக்குள் விதையை மூடி வைக்காத திறந்த விதைத் தாவரங்களில் சைக்காஸும் சீனத்தின் கிங்கோ மரமும் மிகப் பழைய கிளைகள். இரண்டிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இரண்டிலும் ஆண் உயிரணு நீந்திச் சென்று கருவுறச் செய்கிறது. பூக்கும் தாவரம் எதிலும் இது கிடையாது. ஜப்பானில் 1896ஆம் ஆண்டு ஹிராசே கிங்கோவிலும் இக்கெனோ சைக்காஸிலும் இதைக் கண்டறிந்தனர். சைக்காஸ் குலத்தின் தொல்லெச்சங்கள் 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. ஆனால் இன்று உயிரோடுள்ள இனங்களில் பெரும்பாலானவை சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிக் கிளைத்தவை என்று 2011இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. டைனோசர் காலத்து மரம் அப்படியே நிற்கிறது என்ற வழக்கமான பேச்சு, குலத்துக்குத்தான் பொருந்தும், இனத்துக்குப் பொருந்தாது.

இத்தாவரத்தின் முதல் விரிவான அச்சுப் பதிவு மலையாளக் கரையிலிருந்து வந்தது. டச்சு ஆளுநர் வான் ரீட் உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு தொகுத்த 12 தொகுதிகள் கொண்ட ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் நூலின் மூன்றாம் தொகுதியில் (1682), பல படங்களோடு இது இடம்பெற்றது. அப்பதிவை ஆதாரமாகக் கொண்டே லின்னேயஸ் 1753இல் சைக்காஸ் சர்சினாலிஸ் என்று பெயரிட்டார். அவரும் இதைப் பனை வகைகளோடுதான் வைத்தார். விதை மூடப்படாமல் இருப்பதன் முக்கியத்துவத்தை 1827இல் ராபர்ட் பிரவுன் விளக்கிய பிறகே, சைக்காஸ் திறந்த விதைத் தாவரமாக அடையாளம் காணப்பட்டது.

மருத்துவ மரபில் ஆண் கூம்புக்கும் விதைக்கும் தனித்தனி வரலாறு உண்டு. கூம்பின் செதில்களை நிழலில் உலர்த்தி இடித்துச் சூரணமாக்கிப் பாலில் கொடுப்பதும், லேகியங்களில் சேர்ப்பதும் வழக்கம். காமப்பெருக்கி, உடல் உரமாக்கி, மயக்கம் தருவது என்பன இதற்குச் சொல்லப்படும் குணங்கள். குற்றால அகத்தியரையும் பொதிகை மூலிகைகளையும் ஒருசேரப் போற்றும் நெல்லைச் சீமையில், 1964இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி இத்தகைய மருந்துச் சரக்குகளை முறையான பாடமாகப் பயிலும் களத்தை உருவாக்கியது.

விதையோ முதலில் உணவு. மலைவாழ் மக்களும் மலபார் குடும்பங்களும் ஈந்து எனப்படும் இவ்விதையை உடைத்து, பருப்பை அரிந்து காயவைத்து, பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, பிறகே மாவாக்கினர். அந்த ஊறவைத்தலின் காரணம் ஆய்வகத்தில் தெரியவரப் பல தலைமுறைகள் ஆயின. 1955இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் சைக்காஸ் விதையிலிருந்து சைக்காசின் என்ற நச்சைப் பிரித்தனர். நீரில் கரைவது அதன் இயல்பு. ஆகவே தண்ணீர் மாற்ற மாற்ற அது வெளியேறுகிறது. கரையாமல் தங்கினால், குடல் நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்து மரபணுவைத் தாக்கும் பொருளாக மாற்றுகின்றன. சைக்காஸ் மாவு தின்ற எலிகளின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் தோன்றியதை 1963இல் லாக்கர் என்ற ஆய்வாளரின் குழுவினர் அறிவித்தனர். 1967இல் பி.எம்.ஏ.ஏ. என்ற நரம்பு நச்சு அமினோ அமிலமும் விதையில் கண்டறியப்பட்டது. பசிபிக்கின் குவாம் தீவில் சமோரோ மக்களிடம் பரவிய நரம்புச் சிதைவு நோய்க்கு இதுவே காரணமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அத்தீவு மரமும் நெடுங்காலம் சர்சினாலிஸ் என்றே அழைக்கப்பட்டது. 1994இல் தாவரவியலாளர் கென் ஹில் அதைச் சைக்காஸ் மைக்ரோனேசிகா என்று பிரித்தார். இதனால் பழைய நூல்களில் சர்சினாலிஸ் என்ற பெயரில் வரும் செய்திகள் எல்லாவற்றையும் பொதிகை மரத்துக்கு ஏற்றிவிட முடியாது.

கிங்கோவின் கதை வேறு திசையில் சென்றது. அதன் விதை சீன மருத்துவத்தில் பழையது; அளவு மீறினால் வலிப்பு தரும் நச்சும் அதில் உண்டு. ஜெர்மனியின் ஷ்வாபே நிறுவனம் 1965இல் இலைச்சாற்றை மருந்தாகக் கொண்டுவந்த பிறகு அது உலகச் சந்தையைப் பிடித்தது. ஞாபகசக்திக்கென விற்ற அந்தச் சாற்றை 3,069 முதியவர்களிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு, மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008இல் முடிவு தந்தது. மதனகாமப்பூவுக்கு விலங்குச் சோதனைகள் சில உண்டு. அத்தகைய பெரிய மனிதப் பரிசோதனை நடக்கவில்லை. விதையின் நச்சை உலகமே ஆராய்ந்திருக்க, நெல்லை மருந்துக் கடையில் உண்மையில் விலைபோகும் செதிலுக்கு அதே கவனம் கிடைக்காதது பெருங்குறை. ஒரே மரத்தின் வேறு பகுதி என்பதாலேயே செதிலின் பாதுகாப்பும் தெளிவாக நிறுவப்பட வேண்டும்.

தேவையின் அழுத்தம் மரத்தின் மேல் விழுகிறது. மகரந்தம் உதிரும் முன்பே ஆண் கூம்பை வெட்டினால் அருகிலுள்ள பெண் மரம் விதை பிடிக்காத சூலிலைகளோடு நிற்கும். மிக மெதுவாக வளரும் இத்தாவரம் அந்த இழப்பை எளிதில் ஈடுகட்டாது. கூம்புக்காகவும் தண்டு மாவுக்காகவும் எடுப்பதோடு, காடு தோட்டமானதும் சேர்ந்து இதன் எண்ணிக்கையைக் குறைத்தன. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிட்டுள்ளது. பன்னாட்டு வணிகமும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும், 2016இல் யுனெஸ்கோ வலையமைப்பில் சேர்ந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமும் தாமிரபரணி மேற்சரிவில் எஞ்சிய மரங்களுக்கு அரணாக உள்ளன. மகரந்தம் உதிர்ந்து முடிந்த கூம்புகளை மட்டும் எடுப்பது, வளர்ப்பு நிலங்களில் ஆண் மரங்களைப் பெருக்குவது ஆகிய இரண்டும் மருந்தையும் மரத்தையும் சேர்த்துக் காக்கும் வழிகள். மகரந்தம் உதிர்ந்த கூம்பின் செதிலில் குணம் குறைகிறதா என்பதைச் சித்த மருத்துவ ஆய்வகங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதே அதற்கு முதற்படி.