பச்சைப் பிம்பத்துக்கு யார் பெயரில் பட்டா?

1

2024 மார்ச் 7 அன்று ஜப்பானின் நிகான் நிறுவனம், அமெரிக்காவின் ரெட் சினிமா கேமரா நிறுவனத்தை முழுவதுமாக வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. ஏப்ரல் 8-இல் கைமாற்றம் முடிந்தது. ஸ்டில் கேமரா செய்கிறவர்கள் சினிமா கேமரா செய்கிறவர்களை வாங்கினார்கள், பெரியது சின்னதை விழுங்கிற்று, இதில் பேச என்ன இருக்கு என்று கேட்கலாம். வணிகச் செய்தியாக மட்டும் பார்த்தால் ஒன்றுமில்லைதான். ஆனால் இந்த விற்பனைக்கு முந்தைய ஆண்டுவரை இதே இரண்டு நிறுவனங்களும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றன. அந்த வழக்கு எதைப் பற்றியது என்று பார்க்கும்போதுதான் கைமாறிய பொருள் எது என்பது விளங்குகிறது. கைமாறியது கேமரா மட்டுமல்ல, ஒரு வேலி. கேமராவுக்குள் விழும் பிம்பத்தை, அது பிம்பமாக ஆவதற்கு முன்பே, இன்னாருடையது என்று எழுதிவைத்த ஒரு பத்திரம்.

சினிமாவின் வரலாற்றைப் படங்களின் வரலாறாகவும் இயக்குநர்களின் வரலாறாகவும் நிறைய எழுதியாயிற்று. கருவிமீதான சொத்துரிமையின் வரலாறாக அதை வாசிக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. அப்படி வாசித்தால் இந்த 2024 சம்பவம் ஒரு பழைய கதையின் மறுபதிப்பாகத் தெரிகிறது.

2

அந்தப் பழைய கதையில் முதலில் ஒரு சின்ன வளையத்தைச் சொல்ல வேண்டும். கேமராவிலும் புரொஜக்டரிலும் ஃபிலிம் விட்டுவிட்டு இழுக்கப்படுகிறது. இழுப்பின் வேகத்தில் அது அறுந்துபோகாமல் இருக்க, கொஞ்சம் ஃபிலிமைத் தளர்வாக, வளைவாக விட்டுவைப்பார்கள். லாத்தம் வளையம் என்று இதற்குப் பெயர். இதிலே என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றும். ஆனால் இந்தத் தளர்வுக்கும் காப்புரிமை இருந்தது. 1908-இல் எடிசன், பயோகிராஃப் முதலான நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகக் குவித்து ஒரு கூட்டை உண்டாக்கியபோது அந்தக் குவியலில் இதுவும் சேர்ந்தது. கூட்டின் உரிமம் இல்லாமல் படம் எடுக்க முடியாது. ஈஸ்ட்மன் கோடக்கின் ஃபிலிம் உரிமம் பெற்றவர்களுக்குத்தான். படம் காட்டுகிற கொட்டகைக்காரர் புரொஜக்டருக்காக வாரம் 2 டாலர் கட்ட வேண்டும். புரொஜக்டர் அவர் காசு கொடுத்து வாங்கியதாகவே இருக்கட்டும், வாரக் கப்பம் தனி.

1912-இல் லாத்தம் வளையத்தின் காப்புரிமை செல்லாது என்றாயிற்று. 1915-இல் கூட்டே சட்டவிரோதம் எனத் தீர்ப்பானது. 1917-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் நமக்கு முக்கியம். புரொஜக்டரில் ஒரு தகட்டை ஒட்டி, இதில் எங்கள் உரிமம் பெற்ற படங்களையே ஓட்டலாம் என்று எழுதியிருந்தார்கள். யூனிவர்சலின் படத்தை அதில் ஓட்டியதற்கு வழக்கு. இயந்திரத்துக்கு உன்னிடம் காப்புரிமை இருக்கலாம், அதன் வழியாக ஓடும் படம் உன் காப்புரிமைக்குள் வராது என்றது நீதிமன்றம்.

இயந்திரம் வேறு, அதன் வழியே போவது வேறு. இந்தப் பிரிப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே 1917-இல்தான் நிகானின் மூல நிறுவனமான நிப்பான் கோகாகு டோக்கியோவில் மூன்று ஒளியியல் நிறுவனங்களை இணைத்து, மிட்சுபிஷியின் முதலீட்டோடு தொடங்கப்பட்டது. முதல் உலகப்போரால் ஜெர்மன் கண்ணாடி வரத்து நின்றுபோயிருந்தது. கப்பற்படைக்குத் தொலைமானிகளும் பெரிஸ்கோப்புகளும் வேண்டியிருந்தன. 1945-இல் தோல்விக்குப் பிறகு, குறிபார்க்கும் கண்ணாடி செய்த கைகள் கேமரா செய்யத் தொடங்கின. 1948-இல் முதல் நிகான் கேமரா, 1959-இல் நிகான் எஃப். பத்திரிகைப் புகைப்படத்தின் கண்ணாக இருந்தும், தொழில்முறை சினிமா கேமராவில் நிகானுக்கென்று ஒரு பரம்பரை உருவாகவில்லை. 2008-இல் வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆரை, டி90-ஐ, கொண்டுவந்ததும் நிகான்தான். ஆனால் அந்தக் கதவு வழியே படப்பிடிப்புத் தளத்துக்குள் போனவர்கள் வேறு ஆட்கள்.

3

ரெட்டின் பிறப்பு வேறு மாதிரி. ஓக்லி கண்ணாடிகளை விற்றுச் செல்வந்தரான ஜிம் ஜன்னார்ட் 2005-இல் அதைத் தொடங்கினார். அதுவரை ஹாலிவுட்டின் கேமரா உறவு பெரும்பாலும் வாடகை உறவு. பானாவிஷன் தன் கேமராக்களை விற்பதே இல்லை, வாடகைக்கு மட்டும்தான். ஜன்னார்டின் சொல்லாடல் கலகக்காரனுடையது: பெரிய ஆட்களின் பிடியை உடைக்கிறோம், நீங்களே சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம். 2007-இல் வந்த ரெட் ஒன், 4கே அளவில் பதிவுசெய்யும் கேமரா, உடல் மட்டும் 17,500 டாலர். சோடர்பெர்க் 'சே' படத்தை இதில் எடுத்தார். 2009-இல் தமிழுக்கும் வந்துவிட்டது. 'அச்சமுண்டு அச்சமுண்டு', 'உன்னைப்போல் ஒருவன்' இரண்டும் ரெட் ஒன்னில் எடுக்கப்பட்டவை.

கோடம்பாக்கத்தில் இது என்ன செய்தது என்பதை ஃபிலிம் நாட்களின் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 400 அடி ரோல் ஒன்று நாலரை நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஓடும். நெகட்டிவ் செலவு என்பது தயாரிப்பாளரின் கையில் இருந்த கடிவாளம். இன்னொரு டேக் கேட்கிற உதவி இயக்குநரின் குரல் தாழ்ந்தே இருந்ததற்கு அந்த ரோலும் ஒரு காரணம். டிஜிட்டல் இந்தக் கடிவாளத்தைத் தளர்த்தியது உண்மை. இதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் கேமரா இங்கே சொந்தமாகிவிடவில்லை; வாடகை யூனிட்டிலிருந்து, ஆட்களோடும் பேட்டாவோடும், நாள் கணக்கில்தான் வந்தது. கலகக்காரனின் கேமராவும் வாடகைக் கேமராவாகவே நமக்கு வாய்த்தது.

கலகத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. எபிக் தொடங்கி அடுத்தடுத்த வரிசைகளில், ரெட் கேமராவுக்கு ரெட்டே விற்கும் பதிவுச் சேமிப்பைத்தான் போட வேண்டும் என்றாயிற்று. வெளிச்சந்தை அட்டை செல்லாது. சட்டப்படி இது 1917 வழக்கைப் போன்றதல்ல. ஆனால் தர்க்கம் அந்தத் தகட்டின் தர்க்கம்தான்: இயந்திரத்தை விற்ற பிறகும் அதன் வழியே போவதைப் பிடித்துவைப்பது.

4

இனி அந்தப் பத்திரத்துக்கு வருகிறேன். சென்சாரில் விழும் ஒளி நேரடியாக வண்ணப்படம் ஆவதில்லை. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மீதியைப் பிறகு கணக்கிட்டு நிரப்ப வேண்டும். இப்படி நிரப்புவதற்கு முந்தைய தரவைத்தான் தொழிலில் 'ரா' என்கிறார்கள். பச்சை என்று சொல்லலாம், சமைக்காதது என்ற பொருளில். வெளிச்சம், நிறம் பற்றிய பல முடிவுகளை டி.ஐ. மேசைவரை தள்ளிப்போட இடம் தருவது இதுதான். சிக்கல் அளவில். 4கே பச்சைத் தரவு அப்படியே வந்தால் நொடிக்கு 300 மெகாபைட்டைத் தாண்டும். ரெட் அதைக் கேமராவுக்குள்ளேயே, கண்ணுக்கு இழப்புத் தெரியாதபடி சுருக்கி, நொடிக்கு 28 அல்லது 36 மெகாபைட்டாக எழுதியது. 2012-இல் கிடைத்த காப்புரிமை, சாரமாகச் சொன்னால், இந்தச் செயலையே வளைத்துக்கொண்டது: 2கே அல்லது அதற்கு மேல், நொடிக்குச் சுமார் 23 ஃபிரேமோ கூடுதலாகவோ, பச்சைத் தரவைச் சுருக்கித் தன்னுள் பதிவுசெய்யும் கேமரா.

லெவி-ஸ்ட்ராஸை வாசித்தவர்களுக்குப் பச்சை/சமைத்தது என்ற எதிர்வு இயற்கை/பண்பாடு என்ற எதிர்வாக அறிமுகமானது. இங்கே அந்த எதிர்வு குலைகிறது. பச்சை என்பது இயற்கையே அல்ல. மூவண்ணத்தையும் கட்டங்களாகப் பிரித்துவைத்த அந்த வடிகட்டி, கோடக்கின் பிரைஸ் பேயருக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்த அமைப்பு. அதாவது பச்சை என்று நாம் சொல்வது ஏற்கெனவே ஒருமுறை சட்டத்தின் சமையலறை வழியாக வந்ததுதான். ரெட் செய்தது, அந்தச் சமையலறைக்கு இரண்டாவது பூட்டு.

இந்தப் பூட்டு ஒருவரின் மூளையில் மட்டும் உதித்ததா? 2008-இல் வந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக மும்பைத் தெருக்களில் ஓடிய எஸ்.ஐ-2கே கேமராவும் சுருக்கிய பச்சைப் பதிவைச் செய்ததுதான். ஒரே காலத்தில் பல கைகள் ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. பட்டா ஒருவர் பெயருக்கு ஆனது.

5

பிறகு வழக்குகள். 2013-இல் சோனிமீது ரெட் வழக்குத் தொடுத்தது, சோனி பதில் வழக்குப் போட்டது, சில மாதங்களில் இரண்டும் முடித்துக்கொள்ளப்பட்டன. 2019-இல் ஆப்பிள், முன்னமே இருந்த ஆவணங்களைக் காட்டி இது புதிதல்ல என்று காப்புரிமை அலுவலகத்திடம் போனது, மனு ஏற்கப்படவில்லை. ஆப்பிளாலேயே ஆகலேன்னா யாரால் ஆகும் என்ற எண்ணம் பரவ அதுவே போதும். வேலி என்பது தாண்டுகிறவனைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல, மற்றவர்கள் தாண்ட நினைக்காமல் இருப்பதற்கும்தான்.

2022-இல் நிகான் தாண்டியது. தன் இசட்9 கேமராவுக்கு ஏப்ரலில் மென்பொருள் வழியாகச் சுருக்கிய பச்சைப் பதிவைக் கொடுத்தது. மே மாதம் ரெட் வழக்குப் போட்டது. நிகானின் பதில்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. ஒரு பொருளை விற்பனைக்கு வைத்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் காப்புரிமை நிற்காது என்பது அமெரிக்கச் சட்டம். ரெட் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டது, ஆகவே காப்புரிமையே செல்லாது என்பது நிகானின் வாதம். இந்த வாதத்துக்குத் தீர்ப்பு வரவேயில்லை. 2023 ஏப்ரலில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தன. ஓராண்டுக்குள் நிகான் ரெட்டையே வாங்கிற்று.

செல்லாத பத்திரம் என்று வாதாடியவர் கையிலேயே அந்தப் பத்திரம் இப்போது இருக்கிறது. இனி அது செல்லாது என்று அவர் ஏன் சொல்லப்போகிறார்? லாத்தம் வளையத்துக்கு 1912-இல் ஒரு தீர்ப்பு கிடைத்தது, அதனால் அது எல்லோருக்கும் திறந்தது. இங்கே கேள்வி தீர்க்கப்படவில்லை, விலைக்கு வாங்கப்பட்டது. சந்தை, நீதிமன்றத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இந்த விற்பனையில் எனக்குப் படுகிற வரலாற்று முக்கியத்துவம் இதுதான்.

6

நிகானின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். உலகில் 2010-இல் 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 2023-இல் 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. மீதியைக் கைபேசி தின்றுவிட்டது. பிழைக்கிறவன் வேறு கரை தேடுவது இயல்பு. பலனும் வராமலில்லை. 2025 செப்டம்பரில் நிகான் அறிவித்த இசட்ஆர் கேமரா, சுமார் 2,200 டாலருக்கு, ரெட்டின் பச்சைப் பதிவு வகையையே உள்ளே கொண்டிருக்கிறது. ரெட் ஒன்னின் விலையில் எட்டில் ஒரு பங்கு. கடன் வாங்கியாவது முதல் படம் எடுக்கிற பையனுக்கோ பெண்ணுக்கோ இது சின்ன விஷயமில்லை.

ஆனால் மலிவும் திறப்பும் ஒன்றல்ல. 2020-இல் ரெட்டின் கோமோடோ, போட்டியாளரான கேனனின் லென்ஸ் மவுண்டோடு வந்தது. 2025-இல் ரெட் கேமராக்கள் நிகானின் இசட் மவுண்டோடும் வரத் தொடங்கின. கருவி யாருடைய வீட்டை நோக்கித் திரும்புகிறது என்பதற்கு இது ஒரு அடையாளம். விலை இறங்கியது உரிமையாளரின் முடிவு. நாளைக்கு ஏற்றுவதும் அவருடைய முடிவே.

எடிசனின் கூட்டை எதிர்த்த சுயேச்சைகள் பிறகு ஸ்டுடியோ முதலாளிகள் ஆனார்கள். பானாவிஷன்களை எதிர்த்துக் கிளம்பியவர் வேலி போட்டார். வேலியைத் தாண்டியவர் வேலியோடு நிலத்தையும் வாங்கினார். ஆட்கள் மாறுகிறார்கள், உறவு மாறவில்லை. பிம்பத்தின் ஜனநாயகம் பற்றிப் பேசுகிறவர்கள் கேமராவின் விலையைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அதற்குள் போகும் வெளிச்சம் எந்த இடத்தில், யார் பெயருக்குப் பதிவாகிறது என்றும் கேட்க வேண்டும்.