லாக்ஸ்டன்

லாக்ஸ்டன் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில், நியூவார்க் நகருக்கு வடமேற்கே உள்ள சிற்றூர். வேலியிடாத பெருவயல்களை உழவர் பலர் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொண்டு, எல்லோரும் ஒரே பயிர்முறைக்குக் கட்டுப்பட்டு உழும் இடைக்கால வழக்கம் இங்கே இன்றும் நடப்பில் இருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் ‘திறந்த வயல்’ என அழைக்கும் இம்முறையின் கடைசி ஊர் லாக்ஸ்டன் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. டெவன் மாவட்டத்தின் பிராண்டன் பெருவயலிலும், லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் பகுதியிலும் துண்டு நிலங்கள் எஞ்சியுள்ளன. ஆகவே, வயலை ஆளும் ஊர்மன்றத்தோடு சேர்ந்து நிலைத்த ஊர் இதுவே என்று கொள்வது பொருந்தும்.

பெயரும் தொடக்கமும்

லீக்ஸா என்பவரின் மக்கள் வாழ்ந்த பண்ணை என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து ஊர்ப்பெயர் வந்ததாகக் கருதுவர். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டில் இவ்வூர் இடம்பெறுகிறது. நார்மானியர் வருமுன் டோக்கி என்பவரிடமும், பின்னர் ஜெஃப்ரி ஆல்செலின் என்ற நார்மானியப் பிரபுவிடமும் இது இருந்தது. இடைக்கால ஆவணங்களில் ‘லெக்சிங்டன்’ என்ற வடிவமும் காணப்படுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லெக்சிங்டன் நகரின் பெயர் இங்கிருந்து சென்றது என்பது உள்ளூர் நம்பிக்கை. லெக்சிங்டன் பிரபு என்ற பட்டம் உடையவரின் நினைவாக அந்நகருக்குப் பெயரிட்டனர் என்போரும் உண்டு.

கோட்டை மேடு

ஊருக்கு வடக்கே நார்மானியக் கோட்டையின் மண்மேடும் அதன் முற்றமும் உள்ளன. நாட்டிங்ஹாம்ஷயரில் இவ்வகைக் கோட்டைகளுள் மிக நன்றாக எஞ்சியிருப்பவற்றுள் இது ஒன்று. ஆல்செலின் காலத்திலேயே எழுப்பப்பட்டது என்பர் சிலர். 12ஆம் நூற்றாண்டில் டி கோ குடும்பத்தார் கட்டியது என்பர் வேறு சிலர். ஷெர்வுட் வனத்தின் காவல் பொறுப்பு டி கோ குடும்பத்திடம் இருந்தது. திருமண உறவின் வழியே அது எவரிங்ஹாம் குடும்பத்துக்குச் சென்றது. இன்று கட்டடம் ஏதும் நிற்கவில்லை. மேடும் அகழியும் புல் போர்த்துக் கிடக்கின்றன. பெரிய மேட்டின் உச்சியில் இன்னொரு சிறு மேடு இருப்பதால், கவிழ்த்த பெரிய கிண்ணத்தின் மேல் சிறு கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் தோன்றும்.

தேவாலயம்

புனித மிக்கேல் தேவாலயத்தின் பழைய பகுதிகள் 12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 1859–60இல், ஊரில் நிலம் வைத்திருந்த மேன்வர்ஸ் பிரபுவின் பொருளுதவியால் அது திருத்தப்பட்டபோது உட்கூடம் குறுக்கப்பட்டது. எவரிங்ஹாம் குடும்பத்தாரின் கிடந்த கோலச் சிற்பங்கள் உள்ளே உள்ளன. மற்றவை கல்லில் அமைய, ஒரு பெண்ணின் உருவம் மட்டும் ஓக் மரத்தில் செதுக்கப்பட்டது. இம்மாவட்டத்தில் எஞ்சிய இடைக்கால மரச்சிற்பம் இது ஒன்றே என்று குறிப்பிடுவர்.

எவரிங்ஹாம் குடும்பத்துக்குப் பின் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஊர் பல கை மாறியது.

1635ஆம் ஆண்டின் நில அளவை

லாக்ஸ்டன் வரலாற்றில் மிக விரிவாகத் தெரியவருவது ஒரே ஓர் ஆண்டுதான். லண்டன் வணிகரான சர் வில்லியம் கோர்ட்டன் இவ்வூரை வாங்கியிருந்தார். தாம் வாங்கியது எவ்வளவு, எங்கே, யார் கையில் என்று அறிய மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரை அமர்த்தினார். பியர்ஸ் 1635இல் ஒரு நிலப்பதிவேட்டையும் அதனுடன் ஒரு பெரிய வரைபடத்தையும் தந்தார். ஒவ்வொரு துண்டு நிலமும் எந்த வயலில், யாருடைய நிலங்களுக்கிடையே, எத்தனை ஏக்கர் என்பது அதில் பதிவாகியுள்ளது. ஒருவருடைய நிலம் ஓரிடத்தில் இல்லாமல் எல்லா வயல்களிலும் சிதறிக் கிடந்ததை வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் உணரலாம்.

பியர்ஸ் எல்லைக்கோடுகளோடு நிற்கவில்லை. வயல்களுக்குள் ஏர் ஓட்டுவோரையும், அறுவடை செய்வோரையும், வைக்கோல் அள்ளுவோரையும், வேட்டைக்குச் செல்வோரையும் சிறு சிறு உருவங்களாக வரைந்திருக்கிறார். நில அளவைக்கு இவை எவ்வகையிலும் தேவையில்லாதவை. ஆயினும் அக்கால உழவரின் அன்றாட வேலையைக் காட்டும் அரிய சான்றாக இன்று மதிக்கப்படுபவை இவைதாம். வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது.

அளவை முடிந்த மறு ஆண்டே கோர்ட்டன் இறந்தார். விரைவில் ஊர் பியர்பான்ட் குடும்பத்திடம் சென்றது. பின்னாளில் மேன்வர்ஸ் பிரபு பட்டம் பெற்றது இக்குடும்பத்தின் வழியே.

வயல்களும் பயிர்ச்சுழற்சியும்

1635இல் மேற்கு வயல், கிழக்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என நான்கு வயல்கள் இருந்தன. கிழக்கு வயல் சிறியது; பயிர் வைப்பதில் மேற்கு வயலோடு சேர்த்தே கொள்ளப்பட்டதால் சுழற்சி மூன்றாகவே நடந்தது. ஓராண்டு குளிர்காலக் கோதுமை, அடுத்த ஆண்டு வசந்தகாலப் பயிர், மூன்றாம் ஆண்டு தரிசு. எந்த வயலில் எது என்பதை ஊரே தீர்மானித்தது. தனி உழவரின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. அறுவடைக்குப் பின் வயல் முழுவதும் பொது மேய்ச்சலுக்குத் திறந்துவிடப்பட்டது.

நிலம் ஏன் துண்டாக்கப்பட்டது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவே இந்த ஏற்பாடு என்பது பழைய விளக்கம். இவ்வூரை ஆராய்ந்து ‘தி ஓப்பன் ஃபீல்ட்ஸ்’ (1938) என்ற நூலை எழுதிய ஆர்வின் தம்பதியர் இதை ஏற்கவில்லை. கனத்த களிமண்ணில் கனத்த கலப்பையைக் கூட்டாக ஓட்டியபோது, ஒரு நாளில் உழ முடிந்த அளவே ஒரு துண்டாயிற்று என்பது அவர்கள் வாதம். இரண்டில் எதுவும் முற்றாக நிலைநாட்டப்படவில்லை.

செங்குத்தான சரிவும் ஈரம் வடியாத பள்ளமும் உழவுக்கு ஆகாமல் புல்தரையாகவே விடப்பட்டன. ‘சைக்’ எனப்படும் இப்புல்தரைகள் கலப்பை படாதவை. எனவே வேறிடங்களில் அருகிவிட்ட காட்டுப்பூக்கள் இங்கே பூக்கின்றன. சில சைக்குகள் இயற்கைப் பாதுகாப்பிடமாக அறிவிக்கப்பட்டுள்ளன.

வேலியிடப்படாமல் தப்பியது

1604 முதல் 1914 வரை இங்கிலாந்து நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட வேலியிடல் சட்டங்களை இயற்றியது. ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் பொதுநிலமும் திறந்த வயலும் தனித்தனி உடைமைகளாயின. லாக்ஸ்டன் தப்பியதற்குத் தெளிவான ஒற்றைக் காரணம் காட்டுவது கடினம். மேன்வர்ஸ், ஸ்கார்பரோ ஆகிய இரு பிரபு குடும்பங்களுக்கு இங்கே நிலம் இருந்தும் அவர்களுக்குள் உடன்பாடு எட்டப்படாததே முதன்மைக் காரணம் என்பர். சிறு நில உடைமையாளர் பலர் இருந்ததையும் வேலியிடும் செலவையும் சேர்த்துக் கூறுவோர் உண்டு. பழைமையைக் காக்கும் நோக்கம் தொடக்கத்தில் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. 18ஆம் நூற்றாண்டில் வயல்களின் ஓரங்கள் ஓரளவு வேலியிடப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு வயல் மறைந்தது. சிறு துண்டுகள் ஒன்றாக்கப்பட்டுப் பெரிதாயின.

ஜூரியும் ஊர்மன்றமும்

வயலின் ஒழுங்கைக் காப்பது ‘கோர்ட் லீட்’ எனப்படும் ஊர்மன்றம். உழவர்களிலிருந்தே தேர்ந்த ஜூரியினர் தம் தலைவரோடு நவம்பர் மாதக் கடைசியில், அவ்வாண்டு குளிர்காலக் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவர். துண்டுகளின் எல்லையில் மரமுளைகளை அடித்து அடையாளமிடுவர். பக்கத்து நிலத்திலோ பொதுப் புல்வழியிலோ ஒரு சால் கூடுதலாக ஓட்டியவர் யார், வடிகாலைத் தூர்வாராமல் விட்டவர் யார் என்று குறித்துக்கொள்வர். பின் ‘டவ்காட் இன்’ என்ற மதுவிடுதியில் உணவு. அடுத்த வாரம் அங்கேயே மன்றம் கூடி அபராதம் விதிக்கும், அடுத்த ஜூரியையும் அமர்த்தும். அபராதம் பெருந்தொகையன்று, அண்டை வீட்டார் முன்னிலையில் பெயர் படிக்கப்படுவதே உறைக்கும் தண்டனை.

1977ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இங்கிலாந்தின் இத்தகைய மன்றங்களின் சட்ட அதிகாரத்தை நீக்கியபோது லாக்ஸ்டன் மன்றத்துக்கு மட்டும் விலக்களித்தது.

ஊரமைப்பு

நிலம் சிதறிக் கிடந்ததால் உழவர் எவரும் வயல் நடுவே வீடு கட்டவில்லை. பண்ணைவீடுகள் எல்லாம் ஊர்த்தெருவிலேயே, பெரும்பாலும் பக்கச்சுவர் தெருவை நோக்க, பின்னே நீண்ட மனைகளோடு நிற்கின்றன. பிறர் பயிரை மேய்ந்த மாடுகளை அடைக்கும் பவுண்டு மதுவிடுதியின் அருகே இன்றும் உள்ளது.

அண்மைக் காலம்

1952இல் மேன்வர்ஸ் பிரபு ஊரை வேளாண்மை அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது கிரவுன் எஸ்டேட் வசம் சென்றது. 1995இல் ஊரை ஒட்டி யூத இனப்படுகொலை நினைவு மையமும் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன. 2020இல் மேன்வர்ஸ் வழியினரின் தோர்ஸ்பி எஸ்டேட் லாக்ஸ்டனைத் திரும்ப வாங்கியது. இப்போது மேற்கு, தெற்கு, ஆலை என மூன்று வயல்கள் சுழற்சியில் உள்ளன; முன்பு தரிசாக விடப்பட்ட வயலில் தீவனப்பயிர் விளைகிறது.