நூறு மணி ஜபமாலை

சிவாஜிநகரில் இருக்கும் அம்மாவுக்குப் போன பொங்கலுக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டு வந்தேன். தினமும் எத்தனை அடி நடக்கிறார் என்று இங்கிருந்தே பார்க்கலாம். ஒருநாள் வெறும் 300! பதறிப்போய்க் கூப்பிட்டேன். "ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குத்தாம்ப்பா போனேன். உன் தங்கச்சி தோளைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நடந்தேன்" என்றார்.

அடி எண்ணுவது பழைய வேலைங்க. 1865இல் நைன் சிங் ராவத் மாறுவேடத்தில் நேபாளத்திலிருந்து லாசாவுக்கு நடந்தே போனார். நில அளவைத் துறை டேராடூனில் கொடுத்த பயிற்சி: ஏற்றமோ இறக்கமோ, ஒரே அளவு அடி, மைலுக்கு 2000. ஜபமாலையில் 108க்குப் பதில் 100 மணிகள். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார்.

சரியாக நூறு வருடம் கழித்து, 1965இல், ஜப்பானில் 'மான்போ-கெய்' என்ற இடுப்புக் கருவி விற்பனைக்கு வந்தது. பெயருக்கு அர்த்தமே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. நம்மை விரட்டும் அந்தப் பத்தாயிரம் அங்கிருந்து வந்ததுதான்!

வாட்ச் காலைப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் முடுக்கமானி கைவீச்சையும் அதிர்வையும் வைத்துத்தான் அடியைக் கணக்கிடுகிறது. கை அசையாமல் மெதுவாக நடந்தால் பல அடிகளை விட்டுவிடும். நைன் சிங் கணக்குக்காகத் தன் நடையையே மாற்றிக்கொண்டார். எழுபது வயது அம்மாவை மாற்றச் சொல்ல முடியுமா?

இப்போதெல்லாம் எண் குறைந்தால் போன் போட்டு, "இன்னைக்கு யார் தோளைப் பிடிச்சுக்கிட்டுப் போனேம்மா?" என்று கேட்கிறேன்.