மோர்ஸ் தெரியாமலும் ஹாம் ஆகலாம்!

பரீட்சையை எளிதாக்கினால் தரம் கெட்டுவிடுமா? வினாத்தாள் முறை மாறும்போதெல்லாம் நம் வகுப்பில் கிளம்பும் சண்டைதான். அமெரிக்க ஹாம் ரேடியோக்காரர்கள் இதே சண்டையைப் பல வருடங்கள் போட்டிருக்கிறார்கள். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

ஹாம் ரேடியோ என்பது பொழுதுபோக்குக்காகத் தனிமனிதர்கள் நடத்தும் வானொலித் தொடர்பு. அதற்கு அரசு உரிமம் வேண்டும். உரிமம் வாங்கப் பரீட்சை எழுத வேண்டும். அந்தப் பரீட்சையில் பலரைப் பயமுறுத்திய பகுதி, மோர்ஸ் தந்திக்குறி.

மோர்ஸ் எதற்கு? 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஹெச்.எஃப். அலைகள் வானில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, கடல் கடந்து போகும். ஒரு காலத்தில் கப்பல்கள் மோர்ஸில்தான் பேசின. அதனால் அங்கே இருப்பவருக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றது சர்வதேச விதி. ஆனால் 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வி.எச்.எஃப். அலைகள் பெரும்பாலும் அடிவானத்தைத் தாண்டி அதிக தூரம் போவதில்லை. அங்கே மோர்ஸ் எதற்கு என்ற கேள்வி எழுந்தது இயல்புதானே?

1951-ல் அமெரிக்காவின் மத்திய தகவல் தொடர்பு ஆணையம் 'டெக்னீஷியன்' என்ற உரிமத்தைக் கொண்டுவந்தது. உயர் அதிர்வெண்களில் பரிசோதனை செய்பவர்களுக்கானது அது. அடுத்த நிலையான 'ஜெனரல்' உரிமத்துக்கு நிமிடத்துக்கு 13 சொற்கள் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். டெக்னீஷியனுக்கு 5 போதும். வேகம் குறைந்ததே தவிர, மோர்ஸ் போகவில்லை.

1970-களில் நிலைமை மாறியது. மலை உச்சிகளிலும் உயரமான கட்டடங்களிலும் ரிப்பீட்டர்கள் வந்தன. ஓர் அதிர்வெண்ணில் கேட்டதை இன்னோர் அதிர்வெண்ணில் உரக்கத் திருப்பிச் சொல்லும் கருவி அது. கையடக்க ரேடியோவை வைத்துக்கொண்டே ஊர் முழுக்கப் பேச முடிந்தது. 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையிலான '2 மீட்டர்' பட்டை களைகட்டியது. 1983-ல் கொலம்பியா விண்கலத்திலிருந்து ஓவன் கேரியட் பூமியிலுள்ள ஹாம்களோடு பேசியதும் இந்தப் பட்டையில்தான். தந்திக்குறியில் அல்ல, குரலில்!

அதே 1983-ல்தான், மோர்ஸ் இல்லாத உரிமம் பற்றிய தன் யோசனையை ஆணையம் கைவிட்டது. காரணம், ஹாம்களின் எதிர்ப்பு. பரீட்சை எதுவும் இல்லாத சி.பி. ரேடியோவில் 1970-களில் நடந்த கூச்சல் குழப்பம் இங்கேயும் வந்துவிடும் என்று பலர் பயந்தார்கள். அந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. கஷ்டப்பட்டுக் கற்றவர் அந்த அலைவரிசையை மதிப்பார் என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் 1991 பிப்ரவரி 14-ல் மோர்ஸ் இல்லாத டெக்னீஷியன் உரிமம் வந்தேவிட்டது. 2000-ல் மற்ற எல்லா உரிமங்களுக்கும் வேகம் 5 சொற்களாகக் குறைந்தது. 2003-ல் சர்வதேச மாநாடு மோர்ஸ் கட்டாயத்தை நீக்கி, முடிவை அந்தந்த நாடுகளிடம் விட்டது. 2007 பிப்ரவரி 23 முதல் அமெரிக்காவில் மோர்ஸ் பரீட்சையே கிடையாது.

சரி, தரம் கெட்டதா? 1991-ல் சுமார் 5 லட்சமாக இருந்த அமெரிக்க ஹாம்கள் இன்று 7 லட்சத்துக்கும் மேல். பாதிப் பேர் டெக்னீஷியன்கள். 35 கேள்விகளில் 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. கேள்வி வங்கியும் முன்கூட்டியே வெளியாகிவிடும். மனப்பாடம் செய்து தேறலாம்தான். இன்னொரு பக்கம், செல்போன் வந்தபிறகு பல ரிப்பீட்டர்கள் பெரும்பாலான நேரம் மௌனமாகவே இருக்கின்றன. உரிமம் வாங்குவது வேறு, தினமும் பேசுவது வேறு.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். யாரும் கட்டாயப்படுத்தாத இந்தக் காலத்திலும் ஹெச்.எஃப். பட்டைகளில் மோர்ஸ் ஒலித்துக்கொண்டே இருக்கிறது, பிடித்தவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான். செய்யப்போகும் வேலைக்குத் தேவையானதைச் சோதித்தால் அது பரீட்சை. தேவையில்லாததைச் சோதித்தால் அது வெறும் மதில்சுவர். உங்களுக்கு என்ன தோன்றுகிறது? சொல்லுங்களேன் :-)