ஜூமூ சூப்: ஹெயிட்டியின் விடுதலைநாள் உணவும் அதன் வரலாறும்

ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று ஹெயிட்டி நாட்டு வீடுகளில் விடியற்காலையிலேயே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். அன்றைய உணவு ஜூமூ சூப். மாட்டிறைச்சியும் பரங்கிக்காயும் கிழங்குகளும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டியான சூப். அந்நாள் புத்தாண்டு மட்டுமன்று, 1804-இல் பிரான்சின் பிடியிலிருந்து விடுபட்டதை ஹெயிட்டி அறிவித்த நாளும் அதுவே. அடிமைக் காலத்தில் இந்தச் சூப்பைச் சமைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள், குடித்தவர்கள் வெள்ளைத் தோட்ட முதலாளிகள். சமைத்தவருக்கு விலக்கப்பட்டிருந்த உணவை விடுதலை பெற்ற மக்கள் தமதாக்கிக்கொண்டார்கள். ஹெயிட்டியர் தம் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லி வருகிறார்கள். இது வாய்மொழி மரபு. அக்காலச் சட்டத்தோடும் தோட்டப் பொருளாதாரத்தோடும் ஒப்பிட்டால், இம்மரபு நம்பத்தக்க வரலாற்று நினைவு என்பது புலப்படும். அதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1697-இல் ரிஸ்விக் உடன்படிக்கையின்படி கரீபியக் கடலின் இஸ்பானியோலா தீவின் மேற்குப் பகுதி பிரான்சின் கைக்கு வந்தது. சாந்தொமாங்கு எனப்பட்ட, பின்னாளில் ஹெயிட்டி ஆன அந்தக் காலனி, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேறெந்தக் காலனியையும்விட மிகுதியாகச் சர்க்கரையும் காப்பியும் ஏற்றுமதி செய்தது. 1789-இல் அங்கே ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள் இருந்தனர். வெள்ளையர் 40,000 பேர் அளவில்தான். கரும்புத் தோட்ட வேலையில் பிறப்பைவிட இறப்பு மிகுந்திருந்ததால், ஆண்டுதோறும் ஆப்பிரிக்காவிலிருந்து புதிய ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தபடியே இருந்தார்கள்.

அந்த மக்கள் என்ன உண்டார்கள்? 1685-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி பிறப்பித்த 'கறுப்பர் சட்டம்' சட்டப்படி அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது என்ன என்பதைக் காட்டுகிறது. அதன் 22-ஆம் விதி, பத்து வயதும் அதற்கு மேலும் ஆன அடிமை ஒருவருக்கு வாரந்தோறும் மரவள்ளி மாவும், அதனுடன் இரண்டு ராத்தல் உப்பிட்ட மாட்டிறைச்சி அல்லது மூன்று ராத்தல் மீனும் தரவேண்டும் என்கிறது. 24-ஆம் விதி, உணவு தருவதற்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாளை 'உனக்கு நீயே உழைத்துக்கொள்' என்று விட்டுவிடுவதைத் தடை செய்கிறது. முதலாளிகள் இரண்டையுமே மீறினார்கள். படி அளப்பதைக் குறைத்து, தரிசாகக் கிடந்த துண்டு நிலங்களைக் காட்டி, அதில் பயிரிட்டுப் பசியாறிக்கொள்ளச் சொன்னார்கள். பகலெல்லாம் கரும்புக் காட்டில் கிடந்தவர்கள் இருட்டிய பின்னும் ஞாயிற்றுக் கிழமைகளிலும் அந்தத் துண்டு நிலத்தைக் கொத்தினார்கள்.

சூப்பைத் தடுக்கும் விதி எதுவும் இந்தச் சட்டத்தில் இல்லை. இதைக் காட்டி வாய்மொழி மரபை ஐயுறுவது தவறு என்பது என் துணிபு. புதிய மாட்டிறைச்சி அக்காலனியில் விலையுயர்ந்த பொருள். தீவின் கிழக்கே ஸ்பானியர் வளர்த்த மந்தைகளிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாடுகளே அதற்கு ஆதாரம். அடிமைகளுக்கு வாய்த்ததோ, அயர்லாந்திலிருந்து பிரெஞ்சுத் துறைமுகங்கள் வழியாகப் பீப்பாய்களில் வந்த தாழ்ந்த தரத்து உப்பிறைச்சி. நாலைந்து மணி நேரம் அடுப்பருகே நிற்கும் ஓய்வும், பெரிய பாத்திரமும், நல்ல இறைச்சியும் ஒருசேரக் கிடைத்தது பெரும்பாலும் முதலாளி வீட்டுச் சமையலறையில்தான். ஆக, விதி எழுதப்படாமலேயே விலக்கு நடைமுறையில் இருந்திருக்கலாம். அந்தச் சமையலறையில் நின்றவர்களோ அடிமைப் பெண்கள். சுவையை அறிந்த கை அவர்களுடையது.

பரங்கிக்காயின் கதை இன்னும் பழையது. அது அமெரிக்க மண்ணின் பயிர். ஐரோப்பியர் வருமுன் இஸ்பானியோலாவில் வாழ்ந்த தைனோ மக்கள் உண்ட காய்களில் அதுவும் ஒன்று. கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்து நம் தோட்டங்களில் பரங்கி என்றும் அரசாணி என்றும் பெயர் பெற்றதும் இதே இனந்தான். தைனோ மக்கள் நோயாலும் கொடுமையாலும் அழிந்தபின், அவர்களுடைய காய் ஆப்பிரிக்கப் பெண்களின் கைக்கு வந்துசேர்ந்தது.

இன்றைய சமையல் முறையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம், ஏனெனில் வரலாறு அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே படிந்திருக்கிறது. முதல்நாளே இறைச்சியை எலுமிச்சையோ கிச்சிலிச் சாறோ விட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். பிறகு எப்பீஸ் என்னும் அரைப்பு மசாலாவில் அதை ஊறவைப்பார்கள். வெங்காயத்தாள், பூண்டு, பார்ஸ்லி, தைம், மிளகாய் ஆகியவற்றை உரலில் இடித்துச் சேர்ப்பது அந்த மசாலா. மறுநாள் இறைச்சி பஞ்சாக வெந்ததும், தனியே வேகவைத்து மசித்த பரங்கியைக் கரைத்து ஊற்ற, குழம்பு பொன்னிறமாகும். அதன்பின் காரட், டர்னிப், உருளை, சேம்பு வகைக் கிழங்கு, முட்டைக்கோஸ் என ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கடைசியில் பாஸ்தா, இரண்டொரு கிராம்பு, வெண்ணெய், எலுமிச்சைச் சாறு. முழு மிளகாய் ஒன்றை உடையாமல் மிதக்கவிட்டு மணம் இறங்கியதும் எடுத்துவிடுவார்கள். அது வெடித்தால் பாத்திரம் முழுவதும் காரமேறிவிடும் என்பதால் அகப்பையைப் பிடிப்பவர் கவனமாகவே கிளறுவார். பரங்கி, மிளகாய், உருளை ஆகியவை அமெரிக்காவின் பயிர்கள். முட்டைக்கோசும் டர்னிப்பும் ஐரோப்பியக் காய்கறிகள். கிராம்பு கிழக்கிந்தியத் தீவுகளின் சரக்கு. பாஸ்தா பின்னாளில் வந்து சேர்ந்தது. காலனி வணிகம் எந்தெந்தக் கடல்களைத் தொட்டதோ, அத்தனையின் தடமும் இதில் உண்டு.

1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளித் தோட்டங்களில் மூண்ட அடிமைகளின் எழுச்சி பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. நெப்போலியன் பெரும்படையை அனுப்பி, எழுச்சியின் தலைவர் தூசான் லூவெர்த்யூரை 1802-இல் சிறைபிடித்துப் பிரான்சுக்குக் கொண்டுபோனான். அவர் 1803 ஏப்ரலில் அங்கே சிறையிலேயே இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 18 அன்று வெர்த்தியேரில், எழுச்சியின் மற்றொரு தலைவரான டெஸ்ஸலின் நடத்திய படை பிரெஞ்சுக்காரரை முறியடித்தது. 1804 ஜனவரி 1 அன்று கொனாயிவ் நகரில் விடுதலை அறிவிக்கப்பட்டது. அன்று எல்லாருக்கும் இந்தச் சூப்பைப் பரிமாறச் செய்தவர் டெஸ்ஸலினின் மனைவி மரி கிளேர் ஒரூஸ் பெலிசித்தே என்று மரபு சொல்கிறது. 1800-இல் ஜாக்மெல் நகரம் முற்றுகையில் பட்டினி கிடந்தபோது உணவும் மருந்தும் கொண்டு சென்றவராக நினைக்கப்படும் பெண் அவர். அந்தப் புகழோடு இந்த மரபு பொருந்திப் போகிறது.

விடுதலைக்குப் பின்னும் நிம்மதி இல்லை. 1825-இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, பிரெஞ்சு முதலாளிகள் இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டார். விடுதலையடைந்த மனிதர்களும் அந்தச் சொத்துக் கணக்கில் அடக்கம். 1838-இல் தொகை குறைக்கப்பட்டும், அதற்காக வாங்கிய கடன்கள் 1947 வரை நாட்டை அரித்தன. கருவூலம் காலியாகிய காலத்திலும் ஜனவரி முதல் நாளின் அடுப்பு அணையவில்லை. இல்லாத வீட்டுக்கு இருப்பவர் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுப்பது இன்றும் வழக்கம். மயாமி, நியூயார்க், மொன்றியல் நகரங்களில் குடியேறிய ஹெயிட்டியரும் அதைக் கைவிடவில்லை.

2021 ஹெயிட்டிக்குத் துயரமான ஆண்டு. ஜூலையில் குடியரசுத் தலைவர் ஜொவெனெல் மொயீஸ் கொல்லப்பட்டார், ஆகஸ்டில் தென்பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று, இலங்கையின் தலைமையில் இணையவழி கூடிய யுனெஸ்கோ குழு ஜூமூ சூப்பை மனித குலத்தின் தொட்டறிய இயலாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் ஹெயிட்டி மரபு இதுவே. சமையலை நடத்தும் பெண்களோடு, காய் நறுக்கும் பிள்ளைகளையும், பயிரிடும் உழவரையும், அலுமினியப் பாத்திரம் வார்க்கும் கைவினைஞரையும் யுனெஸ்கோ பதிவு மரபின் உரியவர்களாகக் குறிப்பிடுகிறது.

அடிமை முறையின் வரலாற்றை எழுதுவோர் இதுவரை பெரிதும் நம்பியவை முதலாளிகளின் கணக்கேடுகளும் கப்பல் பட்டியல்களுமே. அடிமைப்பட்டோர் தம் கையால் எழுதிவைத்தது மிகக் குறைவு. அவர்கள் விட்டுச் சென்ற சான்றுகளுள் சமையலும் ஒன்று. ஹெயிட்டியின் மூதாட்டிகளிடம் இருக்கும் செய்முறைகளையும் அவற்றோடு சேர்ந்த கதைகளையும் வட்டாரந்தோறும் பதிவு செய்யும் வேலையை ஆய்வாளர்கள் இனியும் தள்ளிப்போடக் கூடாது.