பீனைல்கீட்டோனூரியா குழந்தைகளின் உணவில் புரதத் தரம்

உடலால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒரு புரதத்தில் போதிய அளவு இருக்கின்றனவா, அவை செரித்து உடலில் சேர்கின்றனவா என்பவற்றை வைத்தே அதன் தரத்தை மதிப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கில் முட்டைக்கும் பாலுக்கும் முன்வரிசையில் இடம். பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடுள்ள குழந்தையின் தட்டிலிருந்து முதலில் விலக்கப்படுபவையும் அவைதாம்.

இந்நோயை 1934இல் கண்டறிந்தவர் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங். பீனைலலனின் என்ற அமினோ அமிலத்தை டைரோசினாக மாற்றும் கல்லீரல் நொதி இக்குழந்தைகளிடம் சரிவர இயங்குவதில்லை. பீனைலலனின் இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைப் பாதிக்கிறது. பெரும்பாலான உணவுப் புரதங்களில் கிராமுக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் பீனைலலனின் உண்டு. கடும் வகை நோயுள்ள குழந்தைகள் பலரால் நாளொன்றுக்கு 500 மில்லிகிராமைக்கூடத் தாங்க முடியாது. ஒரு முட்டையிலேயே 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

ஆகவே புரதத்தைப் பிரித்து, வேண்டாததை நீக்கி, மீண்டும் கோக்க வேண்டியிருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹோர்ஸ்ட் பிக்கலும் ஜான் ஜெரார்டும் ஈவ்லின் ஹிக்மன்ஸும் இதைச் செய்து காட்டினார்கள். பால் புரதமான கேசினை அமிலத்தால் சிதைத்து, கரி வழியே செலுத்திப் பீனைலலனினை அகற்றினார்கள். அதோடு டைரோசினும் டிரிப்டோபேனும் போய்விட்டன. அவற்றைத் திரும்பச் சேர்த்தார்கள். அந்த உணவைப் பெற்ற இரண்டு வயதுச் சிறுமியின் இரத்தத்தில் பீனைலலனின் இறங்கியது, ஆனால் எடையும் குறைந்தது. பீனைலலனின் அறவே இல்லாமல் எந்தக் குழந்தையும் வளர முடியாது. கொஞ்சம் பசும்பால் சேர்த்த பிறகு அவள் தேறினாள், நிற்கவும் கற்றுக்கொண்டாள். முன்னேற்றம் உணவால்தான் வந்ததா என்று சோதிக்கத் தாய்க்குத் தெரியாமல் பீனைலலனினைக் கலந்தபோது, ஓரிரு நாளில் பழைய நிலைக்குச் சரிந்தாள். இன்றைய மருத்துவ நெறி அனுமதிக்காத சோதனை அது. ஆனாலும் இந்நோய்க்கு உணவே மருந்தாகும் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்றும் அதுவே.

இந்தக் குழந்தைகளுக்குத் தரமான புரதம் எது என்பதன் இலக்கணமே வேறு. பிறருக்கு உடலே தயாரித்துக் கொடுக்கும் டைரோசின் இவர்களுக்கு உணவிலிருந்து வந்தாக வேண்டிய அமினோ அமிலமாகிவிடுகிறது. பீனைலலனின் குறைவாக உள்ள ஜெலட்டின் பொருத்தமானது போலத் தோன்றும். அதில் டிரிப்டோபேன் இல்லை. அதை நம்பி வளர்க்க முடியாது.

அன்றாடப் புரதத்தின் பெரும்பகுதி பீனைலலனின் நீக்கிய அமினோ அமிலக் கலவையிலிருந்து வருகிறது. கசப்பும் நெடியும் கொண்ட அதைக் குழந்தையைக் குடிக்கவைப்பது பெற்றோருக்குப் பெரும்பாடு. எஞ்சிய சிறுபகுதி இயற்கை உணவு. பிரிட்டனில் ஒரு கிராம் புரதத்தை ஓர் அலகாகக் கொண்டு, வேகவைத்த உருளைக்கிழங்கைக்கூட தராசில் நிறுத்தே பரிமாறுகிறார்கள்.

தனி அமினோ அமிலங்கள் முழுப் புரதத்தைவிட வேகமாக இரத்தத்தில் ஏறுகின்றன. திசுக்களைக் கட்டப் பயன்படாமல் ஒரு பகுதி எரிந்துபோகிறது. அதை ஈடுசெய்யவும் பீனைலலனின் அளவைக் கட்டுக்குள் வைக்கவும், 2017இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் பொதுப் பரிந்துரையைவிட 40 விழுக்காடு கூடுதல் புரதம் தரச் சொல்கிறது. கலவையை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, சாப்பாட்டோடு கொடுப்பது நல்லது.

பாலாடைக்கட்டி தயாரிப்பில் பிரியும் பால் தெளிநீரில் கிடைக்கும் கிளைக்கோமேக்ரோபெப்டைடு இப்போது மாற்றாகப் பயன்படுகிறது. தூய நிலையில் அதில் பீனைலலனின் இல்லை, சுவையும் மேல். ஆனால் டைரோசின், டிரிப்டோபேன், ஹிஸ்டிடின், லியூசின் போன்றவற்றைத் தனியே சேர்க்க வேண்டும். விற்பனைக்கு வருவதில் ஒட்டியிருக்கும் சிறிதளவு பீனைலலனினையும் குழந்தையின் அன்றாடக் கணக்கில் எழுதியாக வேண்டும்.